பேட்டரிக்கு எந்தத் தண்ணீர்?

கேள்வி: மூன்று வருட இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாமா? பழுதானால் காயலான் கடையில் போட்டுவிடலாமா?
- ஒரு வாசகி, கடம்பத்தூர்

பதில்: ஆர்.ஓ. தண்ணீர் குடிக்கத்தான். அதில் மிஞ்சியிருக்கும் உப்பு ஈயத் தகடுகளைக் கெடுத்துவிடும். டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். பேட்டரி முழுக்க சார்ஜ் ஆனபின், மேல்கோட்டைத் தாண்டாமல் ஊற்றுங்கள். 'கொஞ்சம் ஆசிட் விட்டால் தெம்பு வரும்' என்று மெக்கானிக் சொன்னால் தலையாட்டாதீர்கள். குறைவது தண்ணீர்தான், ஆசிட் உள்ளேயேதான் இருக்கிறது.

சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், சட்டென்று தீப்பற்றும். ஆனாலும் சில வீடுகளில் பேட்டரி பூஜை அலமாரிக்குக் கீழேதான் குடியிருக்கிறது! காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளம் நினைவிருக்கும். தரையில் வைக்காமல் ஸ்டாண்டில் ஏற்றுங்கள். டெர்மினலில் பொடி பூத்திருந்தால் இன்வெர்ட்டரை அணைத்து, வளையலைக் கழற்றிவிட்டு, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும், சோடா உள்ளே போகக் கூடாது.

காயலான் கடை வேண்டாம். அங்கே போனதை யாராவது கொல்லையில் உடைத்து உருக்கினால் ஈயப்புகை முதலில் குழந்தைகளைத்தான் தாக்கும். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பழையதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. புதியது வாங்கும் கடையிலேயே கொடுங்கள், விலையில் கழித்துக்கொள்வார்கள். பேரம் பேசுங்கள், ஈயத்துக்கு நல்ல மதிப்பு உண்டு.