ஊர்தி பல, முறை ஒன்று

கூனிமேட்டிலிருந்து உப்பளத் தொழிலாளி ஒருவர் சென்னை மருத்துவமனைக்குப் புறப்படுகிறார் எனக் கொள்வோம். பேருந்து, புறநகர் இரயில், மெட்ரோ இரயில் என மாறி மாறி ஏறல் வேண்டும். ஒன்று தவறினால் மருத்துவரைக் காண இயலாது, நாட்கூலியும் வீணாகும்.

முற்காலத்தில் கல்கத்தா, பம்பாய், சென்னை நகரங்களின் கடிகாரங்கள் வெவ்வேறு நேரம் காட்டின. இருப்புப்பாதைகளோ சென்னை நேரத்தையே பொதுவாகக் கொண்டன. 1906-இல் இந்தியப் பொதுநேரம் வகுக்கப்பட்டது.

நேரம் ஒன்றானாற் போதுமா? நிறுத்தங்களின் பெயரும் கால அட்டவணையும் ஒரே முறையில் எழுதப்பெற்றாலன்றோ கணினி அவற்றை இணைத்துக் காட்டும்? அத்தகைய பொதுமுறை 2005-இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் தோன்றியது. 2025-இல் வந்த 'சென்னை ஒன்' செயலி மூவகை ஊர்திகளுக்கும் ஒரே பயணச்சீட்டு வழங்குகிறது.

தலைநகர் பெற்ற அவ்வொருமை கூனிமேட்டுச் சாலையோரத்தையும் எட்டுதல் வேண்டும்.