இராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

கோயில் திருவிழாவில் அன்னதானத்திற்கு நாற்காலி அடுக்கியவர்களுக்கு 60-இன் அருமை தெரியும். வரிசைக்கு 5, 6, 10, 12, 15 என எப்படிப் போட்டாலும் ஒன்றும் மிஞ்சாது. ஒரு நாற்காலி உடைந்து 59 ஆகிவிட்டால் வேலை கெட்டது. ஒரே நீள வரிசையாகத்தான் போட முடியும். 59 ஒரு பகா எண். இடைநிலைப் பள்ளியில் நாம் ‘நொம்போர் பெர்டானா’ என்று படித்தோமே, அதுதான். 60 பகு எண். அதற்கு 12 காரணிகள்.

60-ஐ விடச் சிறிய எந்த எண்ணுக்கும் 12 காரணிகள் இல்லை. இப்படித் தனக்கு முன்னுள்ள எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் மிஞ்சும் எண்ணைப் ‘பெரும்பகு எண்’ என்று இக்கட்டுரையில் அழைப்போம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று இவ்வரிசை வளரும்.

சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்து 1914-இல் கேம்பிரிட்ஜ் சென்ற சீனிவாச இராமானுஜன், 1915-இல் லண்டன் கணிதக் கழகத்தின் ஆய்விதழில் எழுதிய நீண்ட கட்டுரை இவ்வெண்களைப் பற்றியதே. 1916-இல் அவருக்குப் பட்டம் கிடைத்ததும் இந்த ஆய்வுக்காகத்தான். கழகத்தின் பண நெருக்கடியால் அச்சேறாத பிற்பகுதி 1997-இல்தான் வெளிவந்தது.

அக்கட்டுரையில் 102 பெரும்பகு எண்களின் பட்டியல் ஒன்று உண்டு. கடைசி எண் 6746328388800. அதாவது 6,74,632 கோடியே 83,88,800. (மில்லியனில் எண்ணிப் பழகிய நமக்குக் கோடியில் சொன்னால் சற்றுத் தடுமாற்றம்தான்!) கணினி இல்லாத காலத்தில் இதன் காரணிகளை எப்படி எண்ணினார்?

வழி எளியது. எண்ணைப் பகாக் காரணிகளின் பெருக்கலாக எழுதுங்கள். 12 = 2²×3. இதன் காரணி ஒன்றை அமைக்கும்போது 2-ஐ விட்டுவிடலாம், ஒரு முறை எடுக்கலாம், இரு முறை எடுக்கலாம்: மூன்று வழிகள். 3-க்கு இரண்டு வழிகள். ஆக 3×2 = 6 காரணிகள். ஒவ்வோர் அடுக்குடனும் 1 கூட்டிப் பெருக்கினால் போதும்.

18 = 2×3². இதற்கும் 6 காரணிகள்தாம். ஆனால் 12 சிறியது. எனவே 18-க்கு வரிசையில் இடமில்லை. பெரும்பகு எண்ணில் சிறிய பகா எண்ணின் அடுக்கு, பெரியதன் அடுக்கைவிட ஒருபோதும் குறையாது என்பது இதனால் விளங்கும். குறைந்தால் இரண்டு அடுக்குகளையும் இடம் மாற்றி, அதே எண்ணிக்கையில் காரணிகள் உள்ள சிறிய எண்ணைப் பெற்றுவிடலாம்.

இப்போது அந்தக் கடைசி எண்:

6746328388800 = 2⁶×3⁴×5²×7²×11×13×17×19×23

காரணிகள்: 7×5×3×3×2×2×2×2×2 = 10080.

பட்டியலில் 240940299600-க்கு 4800 காரணிகள். அடுத்து இருப்பது 321253732800, அதற்கு 5376. இவற்றின் நடுவே ஒரு பெரும்பகு எண் விடுபட்டுவிட்டது: 293318625600.

293318625600 = 2⁶×3⁴×5²×7²×11×13×17×19

காரணிகள் 5040. பட்டியலில் அதன் முன்னும் பின்னும் உள்ள இரண்டு எண்களிலும் 23 இருக்கிறது, 7 ஒரு முறைதான் வருகிறது. விடுபட்டதிலோ 23 இல்லை, 7 இரு முறை வருகிறது. 23 வந்து, மறைந்து, மீண்டும் வரும் இந்த இடத்தில் கண் வழுக்குவது இயல்புதான் என்று எனக்குத் தோன்றுகிறது. (5040-உம் ஒரு பெரும்பகு எண், அதற்கு 60 காரணிகள். நம் நாற்காலிகள்!)

இரண்டு பெருக்கல்களையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். விடுபட்ட எண்ணை 23-ஆல் பெருக்கினால் 6746328388800 வருகிறது. இராமானுஜன் தவறவிட்ட எண், அவர் பட்டியலின் கடைசி எண்ணுக்குள்ளேயே ஒரு காரணியாக இருக்கிறது.