எச்சரிக்கை உருளக் கூடாது

தம்பி,

தூத்துக்குடி மீனவர்களுக்காக ஐபோன் செயலி எழுதத் தொடங்கியிருக்கிறாய். உன்னிடம் ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். பட்டியல் திரைக்கு யுஐடேபிள்வியூகன்ட்ரோலரை எடுக்காதே. சாதாரண வியூ கன்ட்ரோலரை வைத்து, அதற்குள் டேபிள் வியூவை நீயே பதித்துக்கொள். ஆயத்தமாகக் கிடைப்பதில் மூல வியூவே டேபிள்தான். அதன்மேல் எதை வைத்தாலும் பட்டியலோடு சேர்ந்து உருளும். உன் செயலி காட்டும் தகவலையே பார். ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் மீன் கிடைக்க வாய்ப்புள்ள பகுதிகளைக் கரையோர ஊர், திசை, தொலைவு, ஆழம் என வரிசையாகத் தருகிறது. டேபிளுக்கு ஏற்ற தகவல் அது. அலை உயர முன்னறிவிப்பையும் அதே நிறுவனம்தான் தருகிறது. இரண்டையும் ஒரே பட்டியலில் கலந்தால், திரேஸ்புரத்து நாட்டுப்படகுக்காரர் மீன் எங்கே என்று தேடித் தள்ளும்போது, கடலுக்குப் போக வேண்டாம் என்ற வரி மேலே போய் மறைந்துவிடும். வ.உ.சி. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவது, யார் எந்த வேலையில் இருந்தாலும் கண்ணில் படவேண்டும் என்பதற்காக. செயலியின் எச்சரிக்கைப் பட்டையும் அப்படி நிற்க, டேபிளுக்கு வெளியே அதற்கு இடம் வேண்டும்.

பிரிவுத் தலைப்பு மேலே ஒட்டி நிற்குமே என்பாய். நிற்கும், அடுத்த பிரிவின் தலைப்பு வந்து அதைத் தள்ளும்வரை. ஆயத்தக் கன்ட்ரோலரையே இன்னொரு கன்ட்ரோலருக்குள் பதிக்கலாமே என்றால், தாராளமாகச் செய். டேபிளுக்கு வெளியே இடம் வேண்டும் என்பதை அதுவும் ஒப்புக்கொள்கிறது. டேபிளை நீயே பதித்தால், இலவசமாகக் கிடைத்த சில வசதிகள் போய்விடும் என்பது உண்மைதான். திரைக்குத் திரும்பும்போது தேர்வை நீக்குவதையும், விசைப்பலகை எழும்பும்போது பட்டியலை ஒதுக்குவதையும் நீயே எழுத வேண்டும். சில வரி வேலை அது. கீழே இழுத்துப் புதுப்பிக்கும் வசதியோ ஐஓஎஸ் 10 முதல் டேபிள் வியூவிலேயே இருக்கிறது.

இதைவிட நீ அஞ்ச வேண்டியது, டேபிளின் வரிசையைக் காட்டும் செல்லின் மறுபயன்பாடு. திரையைவிட்டு வெளியேறிய செல்லையே அமைப்பு எடுத்து வேறொரு வரிசைக்குக் கொடுக்கிறது. ஆயிரம் வரிசை இருந்தாலும் பட்டியல் தடையின்றி ஓடுவது அதனால்தான். ஆனால் பழைய நிறம் செல்லிலேயே தங்கியிருக்கும். கடல் கொந்தளிப்பென்றால் சிவப்பு என்று மட்டும் எழுதி, இல்லையென்றால் என்ன என்பதை எழுதாமல் விட்டால், அமைதியான பகுதியும் சிவப்பாக வரும்; ஒருவருக்கு அன்றைய தொழில் போகும். பச்சையை மட்டும் எழுதி மற்றதை விட்டாலோ, போவது உயிர். மறுபயன்பாட்டுக்கு முன் ஓடும் பிரிப்பேர்ஃபார்ரீயூஸில் துடைத்துவிடலாம் என்று இருந்துவிடாதே. உள்ளடக்கத்தை, செல்லை நிரப்பும் இடத்திலேயே ஒவ்வொரு முறையும் முழுமையாக எழுதச் சொல்கிறது ஆப்பிளின் ஆவணம். வரிசையின் உயரத்தையும் எண்ணால் கட்டிப்போடாதே. தமிழ்ச் சொற்கள் நீளமானவை, வயதானவர்கள் எழுத்தைப் பெரிதாக்குவார்கள். எச்சரிக்கையின் கடைசிச் சொல் வெட்டுப்பட்டால் பொருளே மாறிவிடும்.

மீனவர் கையில் ஆண்ட்ராய்டுதானே இருக்கிறது என்றும் கேட்பாய். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மீனவர் செயலியும் ஆண்ட்ராய்டில்தான் பரவியது. அங்கே பட்டியலைக் காட்டும் ரீசைக்ளர்வியூவும் வரிசைகளை இப்படித்தான் திரும்பப் பயன்படுத்துகிறது. அதே கவனம் அங்கும் வேண்டும்.

இன்னொன்று, காலிப் பட்டியல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. நாட்டுப்படகுகள் அப்போதும் கடலுக்குப் போகும். ஆகவே தடைக்காலச் செய்தியைப் படகின் வகை பார்த்துக் காட்டு. விசைப்படகுக்காரருக்குக் காலி டேபிளின் பின்னணி வியூவில் அது வரட்டும். நாட்டுப்படகுக்காரருக்குப் பட்டியல் வழக்கம்போல் ஓடட்டும்.