காசு கொடுக்காமல் கடிதம் அடிக்கலாம்

யாழ்ப்பாணத்தில் ரியூசன் வினாத்தாளோ விண்ணப்பக் கடிதமோ அடிக்கத் திருட்டுப் பிரதி வேர்ட் தேவையில்லை. 2010இல் தொடங்கிய லிப்ரே ஒபிஸ் முற்றிலும் இலவசம். வேர்டுக்கு ரைட்டர், எக்செலுக்கு கல்க். வழமையான வேலைக்குத் தாராளமாகப் போதும்.

பிரதேச செயலகத்துக்குக் கோப்பு அனுப்புவதென்றால் ‘சேவ் அஸ்’ போய் டொக்எக்ஸ் வடிவில் சேமியுங்கள். ஒருமுறை திறந்து பக்க அமைப்பையும் பாருங்கள், அட்டவணைகள் சிலவேளை நகரும்.

எங்கள் பக்கத்துப் பெரிய தலையிடி பாமினி. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்தாகத் தெரியும். எந்த மென்பொருளிலும் இதே கதைதான். பழைய பாமினிக் கோப்பை பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால் எழுத்துக் குலையாது. அதற்கான பொத்தான் மேற்பட்டியிலேயே உண்டு. புதிதாக அடிப்பதை யூனிகோடில் அடியுங்கள்.

தரவிறக்கத்தை லிப்ரே ஒபிஸின் சொந்த இணையத்தளத்தில் மட்டும் செய்யுங்கள்.