பக்கவாதத்துக்குப் பிறகு ஏன் இந்த மௌனம்?

சில மாதங்களுக்கு முன், சிதம்பரம் மேல வீதியிலிருந்து ஓர் அம்மா என்னைப் பார்க்க வந்தார்கள். கையில் ஒரு லேப் ரிப்போர்ட்.

"அவருக்குப் பக்கவாதம் வந்து மூணு மாசம் ஆச்சு, வைத்தியரே. கை கொஞ்சம் தேறியிருக்கு. ஆனா யார்கிட்டயும் பேச மாட்டேங்கிறார், சாப்பாடும் இறங்கலை. 'செரட்டோனின் குறைஞ்சிருக்கும், ரத்தத்துல பாருங்க'ன்னு யாரோ சொன்னாங்க. பார்த்தோம், நார்மல்னு வந்துடுச்சு. அப்ப இது வெறும் பிடிவாதம்தானே?"

"இல்லம்மா" என்றேன். ஏன் என்பதை நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

1948-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் ராப்போர்ட், கிரீன், பேஜ் ஆகிய மூவர் இந்தப் பொருளை ரத்தத்தின் சீரத்திலிருந்து பிரித்தெடுத்தார்கள். ரத்தக் குழாயை இறுக்குவதால்தான் அதற்கு இந்தப் பெயர். நம் உடம்பில் உள்ள செரட்டோனினில் சுமார் 90 சதவீதம் உருவாவது குடலில்! அங்கிருந்து ரத்தத்துக்கு வருவதை 'பிளேட்லெட்' எனும் தட்டணுக்கள் உறிஞ்சிப் பைக்குள் வைத்துக்கொள்கின்றன. காயம் பட்டால் பையைத் திறந்துவிடும். குழாய் சுருங்கும், ரத்தம் உறையும். பக்கவாதத்தில் மூளைக்குப் போகும் குழாயில் கட்டி அடைக்கும்போதும் இதே வேலைதான் நடக்கிறது.

மூளை தனக்கு வேண்டிய செரட்டோனினைத் தானே தயாரித்துக்கொள்கிறது. ரத்தத்தில் இருப்பது மூளைக்குள் நுழைய முடியாதபடி நடுவில் ஒரு தடுப்பு உண்டு. பக்கத்து வீட்டு அரிசிப் பானையைப் பார்த்து, நம் வீட்டில் சோறு இருக்கிறதா என்று சொல்ல முடியுமா? அதனால் இந்தப் பரிசோதனைக்குக் காசைக் கரைக்காதீர்கள். வாழைப்பழத்திலும் செரட்டோனின் இருக்கிறது. தாராளமாகச் சாப்பிடுங்கள், ஆனால் அது மூளைக்குப் போய்ச் சேராது.

பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அது நோயின் ஒரு பகுதி. பிடிவாதமும் அல்ல, சோம்பலும் அல்ல. ரிப்போர்ட்டை விட்டுவிட்டு மனிதரைப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, பேச்சு மூன்றும் குறைந்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மூளையின் செரட்டோனினைச் சார்ந்து வேலை செய்யும் ஃப்ளூவாக்செட்டின் என்ற மாத்திரை கை கால் அசைவைத் தேற்றும் என்று 2011-ல் பிரான்சில் நடந்த ஆய்வு நம்பிக்கை கொடுத்தது. 3,000 பேருக்கு மேல் பங்கேற்ற பிரிட்டிஷ் ஆய்வு 2018-ல் வெளிவந்தது. மனச்சோர்வு குறைந்தது, ஆனால் கை கால் செயல்பாட்டில் பலன் இல்லை, எலும்பு முறிவும் அதிகமானது. தட்டணுக்களின் பையையும் இது காலியாக்கும் என்பதால் ஆஸ்பிரினோடு சேர்ந்தால் ரத்தக் கசிவு அபாயம் கூடும். நீங்களாக வாங்கிக் கொடுக்கவும் கூடாது, சாப்பிடுவதைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

வாத நோய்கள் 80 என்று வகுத்தவர் யூகி முனிவர். அந்த வழியில் படித்த நானே சொல்கிறேன்: முதல் மணி நேரத்தில் என்னிடம் வராதீர்கள்! பல வருஷத்துக்கு முன் கடலூர் முதுநகரில் ஒருவருக்கு விடியற்காலையில் வாய் கோணி, கை விழுந்துவிட்டது. தைலம் தேய்த்துப் பார்த்துவிட்டு, மத்தியானம் பஸ்ஸில் என்னிடம் அழைத்து வந்தார்கள். உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஆனால் நேரம் போய்விட்டது. அந்தக் கை இன்றுவரை எழவில்லை.

வாய் கோணல், கை தளர்ச்சி, பேச்சுக் குழறல், இதில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐ அழையுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசி பலன் தர நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அடைப்பா, ரத்தக் கசிவா என்பதை ஸ்கேன்தான் சொல்லும். அதனால் வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். தண்ணீர்கூட வேண்டாம், புரையேறும். தைலத்துக்கும் தொக்கணத்துக்கும் பிறகு நிறைய நாள் இருக்கிறது.

மேல வீதி அம்மா கணவரை மனநல டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். போன வாரம் வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. "காப்பி ஆறிப்போச்சுன்னு இன்னிக்கு என்னைத் திட்டினாரு, வைத்தியரே!"