உரைகல்லும் உள்ளமும்

நுழையும்முன்

பொருளின் சிறப்பைச் சொல்லத் தெரிந்தவர் பலர். வாங்குபவரின் தயக்கத்தைக் கேட்கத் தெரிந்தவர் சிலர். பிறர் நிலையில் தம்மை வைத்து உணர்தலே ஒத்துணர்வு. வீட்டிலும் நட்பிலும் போற்றப்படும் இப்பண்பு வணிகத்திற்கும் உரியது. ஒசூரில் வளர்ந்த நிறுவனம் ஒன்றின் வரலாறு இதனை விளக்குகிறது.

விற்பனை என்னும் உரையாடல்

விற்பனை என்றதும் தடையின்றிப் பேசும் திறமே பலருக்கு நினைவில் எழும். ஆனால், சொல் பயன்தருவது சொல்பவரின் நாவன்மையால் மட்டுமன்று. கேட்பவரின் இயல்பை அறிவதாலும் ஆகும். சொல்வன்மைக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவரும் கேட்போரின் திறம் அறிந்து பேசுவதை அதில் வலியுறுத்துகிறார். வாங்குபவர் "வேண்டா" என்னும்போது அவர் மறுப்பது பொருளையா, விலையையா, விற்பவரையா என்று அறிய வேண்டும். அதை அறியாமல் பேசப்படும் நூறு சொற்களும் வீணே.

விலகி நின்ற வாங்குநர்

டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் இணைந்து 1984ஆம் ஆண்டில் டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கின. ஒசூரில் அதன் கைக்கடிகாரத் தொழிற்சாலை அமைந்தது. 1990களின் நடுவில் அந்நிறுவனம் 'தனிஷ்க்' என்னும் பெயரில் நகை வணிகத்திலும் இறங்கியது. நகை செய்யும் தொழிற்கூடமும் ஒசூரிலேயே அமைந்தது.

தொடக்கத்தில் தனிஷ்க், 18 காரட் தங்கத்தில் கற்கள் பதித்த நகைகளை முன்னிறுத்தியது. 18 காரட் தங்கம் கடினமானது. கற்களை இறுகப் பற்றும். நகைகளின் வடிவமைப்பும் புதுமையாக இருந்தது. எனினும், எதிர்பார்த்த விற்பனை நிகழவில்லை. நம் இல்லங்களில் நகை அழகுப்பொருள் மட்டுமன்று. அது பெண்ணின் சேமிப்பு. மகளின் திருமணத்திற்கும் மகனின் படிப்பிற்கும் அடகுக்கடை வரை செல்லும் காப்பு அது. நூற்றுக்கு 75 பங்கு தங்கமே உள்ள நகையைக் கையில் எடுத்தவர் மனத்தில் எழுந்த கேள்வி, "இது அழகா?" என்பதன்று, "இது நாளை எனக்குக் கைகொடுக்குமா?" என்பதே. இதனை உணர்ந்த நிறுவனம் 22 காரட் நகைகளுக்கு மாறியது.

கண்முன் தெரிந்த மாற்று

தங்கத்தின் தரத்தை 'மாற்று' என்பது தமிழ் வழக்கு. அதனை அறிய உரைகல்லில் உரைத்துப் பார்ப்பர். அல்லது உருக்கிப் பார்ப்பர். முன்னதற்குப் பழகிய கண் வேண்டும். பின்னதில் நகையே அழியும். ஆகவே, வாங்குபவர் கடைக்காரரின் சொல்லையே நம்ப வேண்டியிருந்தது. இந்நிலையில் தனிஷ்க், 'காரட்மீட்டர்' என்னும் கருவியைத் தன் கடைகளில் வைத்தது. எக்ஸ் கதிர்களைக் கொண்டு, நகைக்குச் சேதமின்றிச் சில நிமிடங்களில் அது மாற்றைக் காட்டியது. எந்தக் கடையில் வாங்கிய நகையையும் சோதித்துப் பார்க்கலாம் என்றதும் மக்கள் வந்தனர். பலருடைய நகைகளில் மாற்று குறைந்திருப்பது தெரியவந்தது.

இங்கேதான் ஒத்துணர்வின் தேவை மிகுகிறது. அந்நகை தாய்வீட்டுச் சீராக இருக்கலாம். சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கியதாக இருக்கலாம். "உங்களை ஏமாற்றிவிட்டார்கள்" என்று அயலார் ஒருவர் சொன்னால், உண்மையே ஆயினும், கேட்பவருக்கு அது தம் பெற்றோரின் அறியாமையைப் பழிப்பதாகத் தோன்றும். கருவியோ யாரையும் பழிக்கவில்லை. எண்ணை வாங்குபவரே படித்தார். முடிவையும் அவரே எடுத்தார்.

செயலே விடை

குறையைக் காட்டுவது எளிது. குறைபட்டவருக்கு வழிகாட்டுவதே அரிது. தனிஷ்க் ஒரு திட்டத்தை அறிவித்தது. 19 காரட்டுக்குக் குறையாத பழைய நகையைக் கொடுத்தால், செய்கூலியை மட்டும் பெற்றுக்கொண்டு 22 காரட் நகை தரப்படும். 19 காரட் தங்கத்தின் தூய்மை ஏறத்தாழ 79 விழுக்காடு. 22 காரட் தங்கத்தின் தூய்மை ஏறத்தாழ 91.6 விழுக்காடு. இடைப்பட்ட இழப்பை நிறுவனம் ஏற்றது. இஃது அறக்கொடை அன்று; இதனால் நிறுவனத்திற்கு வாடிக்கையாளர் பெருகினர். ஆயினும், "உங்கள் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது" என்னும் சொல்லைவிட, அவ்வருத்தத்தில் பங்கேற்ற செயலே மக்களை இணங்கச் செய்தது.

தயக்கத்தின் பொருள்

இப்பாடம் பெருநிறுவனங்களுக்கு மட்டும் உரியதன்று. கிருட்டினகிரி மாவட்டச் சாமல்பட்டியில் உழவர் ஒருவரிடம் சொட்டுநீர்ப் பாசனம் பற்றிப் பேசச் செல்பவரை எண்ணிப் பார்ப்போம். சிறு, குறு உழவர்களுக்கு முழு மானியம் வழங்கும் திட்டம் தமிழ்நாட்டில் உள்ளது. இருந்தும் அவர் "பார்த்துச் சொல்கிறேன்" என்கிறார். தயக்கம் பணத்தால் வந்ததன்று. உப்புநீரால் சொட்டுவான் அடைபட்டால் யார் வருவார்? எலியும் அணிலும் குழாயைக் கடித்தால் என் செய்வது? இவையே அவர் சொல்லாத கேள்விகள். மானியத்தையே மீண்டும் மீண்டும் சொல்பவர் தோற்பார். "சென்ற கோடையில் கிணற்றுநீர் எப்படி இருந்தது?" என்று கேட்டு, வடிகட்டியைத் தூய்மை செய்யும் முறையைத் தாமே செய்து காட்டுபவரின் சொல் ஏறும்.

ஒத்துணர்வும் சூழ்ச்சியும்

பிறர் மனத்தை அறியும் ஆற்றல் இருமுனைக் கத்தி போன்றது. பெற்றோரின் அச்சத்தை அறிந்து தேவையற்ற பயிற்சி வகுப்பை விற்பவரும், முதியவரின் தனிமையை அறிந்து போலிச் சேமிப்புத் திட்டத்தில் சேர்ப்பவரும் மனத்தை அறிந்தவர்களே. அவர்களிடம் இருப்பது சூழ்ச்சி. இரண்டையும் பிரித்தறிய ஓர் உரைகல் உண்டு: விற்பவர் அறிந்த அனைத்தையும் வாங்குபவரும் அறிந்தால், அப்போதும் அவர் வாங்குவாரா? ஆம் எனில் அது வாணிகம். இல்லை எனில் அது வஞ்சகம். அப்பொருள் அவருக்குப் பயன்படாது எனில், அதை மறைக்காமல் சொல்வதும் ஒத்துணர்வே.

தெரிந்து தெளிவோம்

தூய தங்கம் 24 காரட். 22 காரட் நகையின் ஹால்மார்க் முத்திரையில் '916' என்னும் எண் இருக்கும். ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம் என்பது அதன் பொருள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் இம்முத்திரை 2021 ஜூன் முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்க் கடைக்காரர் ஒருவரிடம், வாங்க வருவோர் மிகுதியாகக் கேட்கும் கேள்விகளை அறிந்து எழுதுக. அவற்றின் பின்னுள்ள அச்சத்தைக் குறிப்பிடுக.

2. பழுதான பொருளைத் திருப்பித்தர வந்தவருக்கும் விற்பனையாளருக்கும் இடையே நிகழும் உரையாடலை ஒத்துணர்வு வெளிப்படுமாறு எழுதி, வகுப்பில் நடித்துக் காட்டுக.