மோட்டார் வண்டியின் பின்பட்டைகள்: தொய்வும் சீரமைப்பும்

(ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர்)

வில்வண்டியை அறியாத விவசாயி இரார். கட்டைவண்டியில் அச்சின்மீது சட்டம் நேரே அமர்ந்திருப்பதால், பாதையிலுள்ள ஒவ்வொரு குழியும் ஏறியிருப்பவரின் இடுப்பை எட்டும். வில்வண்டியிலோ அச்சுக்கும் கூண்டுக்கும் இடையே வளைந்த எஃகுப் பட்டைகள் இருந்து அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். 1893ஆம் ஆண்டில், அந்நாளைய திருவிதாங்கூரில், பொதுச்சாலை எல்லா மக்களுக்கும் உரியது என்பதை நிலைநாட்ட அய்யன்காளி ஏறிச் சென்றதும் இத்தகைய வில்வண்டியே ஆகும். அதே தத்துவம்தான் அம்பாசிடர், பிரீமியர் பத்மினி முதலிய கார்களின் பின்புறத்திலும், பழைய ஜீப்புகளின் நான்கு சக்கரங்களிலும் அமைந்துள்ளது. பட்டறைகளில் இதனைக் கட்டுப்பட்டை என்றும், சுருக்கமாகப் பட்டை என்றும் வழங்குவர்.

பதினைந்து ஆண்டுகளைக் கடந்த அரசு வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் நீடிக்கப்படுவதில்லை. ஆகவே பழைய அலுவலக ஜீப்புகளைப் பற்றி இங்கு நாம் பேசவில்லை. ஆனால் தனியார் கார்களின் பதிவை, தகுதிச் சோதனைக்குப் பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். நாஞ்சில் நாட்டில் தந்தையார் வாங்கிய காரை இன்றும் ஓட்டிவரும் குடும்பங்கள் உண்டு. எங்கள் குடும்பமும் அவற்றுள் ஒன்று.

எங்கள் அம்பாசிடரின் பின்புறம் இடப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. செலவைக் குறைக்க எண்ணி, அப்பக்கத்தில் மட்டும் ஓர் அதிகப்படியான பட்டையைச் செருகச் செய்தேன். வண்டி நிமிர்ந்தது; நானும் திருப்தியடைந்தேன். சில மாதங்களுக்குப் பின், ஒரு மழைநாள் மாலையில், குலசேகரத்திலிருந்து திரும்பும்போது இடப்பக்கத் தாய்ப்பட்டை முன்கண் அருகே முறிந்தது. பிரேக்கை மிதித்ததும் வண்டி தானாகவே ஒருபுறம் இழுத்தது. பின்னிருக்கையில் என் தாயார் இருந்தார்கள். எதிரே வண்டி ஏதும் வராதிருந்தமையால் காயமின்றித் தப்பினோம். அன்று நான் கற்ற பாடத்தையே இங்கு எழுதுகிறேன்.

பட்டையின் பணி யாது?

பட்டைகள் பாரத்தை மட்டுமே தாங்குகின்றன என்று பலர் கருதுகின்றனர். இது பாதி உண்மையே. மேலேயுள்ள நீண்ட தாய்ப்பட்டையின் இரு முனைகளும் கண் போலச் சுருட்டப்பட்டுள்ளன. முன்கண் சட்டத்துடன் ஊசியால் பிணைக்கப்பட்டிருக்கும். பின்கண் ஷேக்கில் என்னும் ஊசலாடும் இணைப்பில் தொங்கும். பட்டை அமுங்கி நீளும்போது அதற்கு இடங்கொடுப்பது இதுவே. நடுவே சென்டர் போல்ட் பட்டைகளை ஒன்றுசேர்க்க, யு போல்ட்டுகள் அவற்றை அச்சுடன் இறுக்கிப் பிடிக்கின்றன.

எனவே பின் அச்சைத் தன் இடத்தில் நிறுத்திவைப்பதும், சக்கரம் உந்தும் விசையைச் சட்டத்திற்குக் கொண்டுசெல்வதும், பிரேக் பிடிக்கும்போது அச்சு முறுக்கிக்கொள்ளாமல் காப்பதும் பட்டைகளின் வேலையே. தாய்ப்பட்டை முறிந்தால் அச்சு ஒருபுறம் பின்வாங்கும். ஓட்டுநர் கையில் ஸ்டியரிங் இருந்தும் வண்டி வேறு திசை நாடும். என் வண்டிக்கு நேர்ந்தது இதுவே.

தொய்வு ஏன் உண்டாகிறது?

முதற்காரணம் மிகைப்பாரம். ஒரு யூரியா மூட்டை 45 கிலோ. ஐந்து மூட்டைகளை டிக்கியில் ஏற்றினால் 225 கிலோ. அதாவது பெரியவர் மூவரின் எடை. அதுவும் பின் அச்சுக்குப் பின்னால் அமைவதால், நெம்புகோலைப் போல முன்புறத்தைத் தூக்கி, தன் எடையைக் காட்டிலும் மிகுந்த பாரத்தைப் பின்பட்டைகளின்மேல் சுமத்துகிறது. வாழைக்குலைகளை ஏற்றிச் சந்தைக்குச் செல்வோரும் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். எஃகு ஓர் எல்லை வரையில் வளைந்து மீளும். எல்லை தாண்டினால் வளைந்தபடியே நின்றுவிடும்.

இரண்டாவது துரு. கொளச்சல், மணவாளக்குறிச்சி, இராஜாக்கமங்கலம் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று பட்டைகளின் இடுக்கில் புகுந்து அரிக்கிறது. பட்டையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்திற்கேற்ப அமைவது. கனம் 10 சதவீதம் குறைந்தால் விறைப்பு ஏறத்தாழ 27 சதவீதம் குறைந்துவிடும். பார்வைக்குச் சிறிதாகத் தோன்றும் அரிப்பு உண்மையில் சிறிதன்று.

மூன்றாவது, ஒரு சிறுபட்டை முறிந்திருத்தல், புஷ்கள் தேய்ந்திருத்தல், யு போல்ட்டுகள் தளர்ந்திருத்தல் ஆகியவை.

கண்டறியும் முறை

வண்டியைச் சமதளத்தில் பாரமின்றி நிறுத்தி, டயர்களில் காற்றைச் சரிபார்க்கவும். சக்கரத்தின் நடுமையத்திலிருந்து நேர்மேலே மட்கார்டின் விளிம்பு வரை இருபுறமும் அளக்கவும். வேறுபாடு 2 சென்டிமீட்டருக்கு மேற்பட்டால் காரணத்தைத் தேட வேண்டும்.

சாய்வு முன்புறத்திலிருந்தும் வரலாம். அம்பாசிடரின் முன்புறத்தில் பட்டைகள் இல்லை. முறுக்குத் தண்டுகளே உள்ளன. முன்புறத்தை நடுவில் மட்டும் ஜாக்கி வைத்துச் சற்றே உயர்த்தினால், பின்புறம் தன் இயல்பான நிலையைக் காட்டும். அப்போதும் சாய்ந்திருந்தால் குறை பின்பட்டைகளில்தான்.

முன்சக்கர மையத்திற்கும் பின்சக்கர மையத்திற்கும் உள்ள தூரத்தையும் இருபுறமும் அளந்து ஒப்பிடவும். வேறுபட்டால் சென்டர் போல்ட் முறிந்தோ, யு போல்ட் தளர்ந்தோ அச்சு நகர்ந்திருக்கலாம். ஒரு பொதுத் தவற்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஷாக் அப்சார்பர் ஆட்டத்தை அடக்குமேயன்றி உயரத்தைத் தாங்காது. தொய்வுக்காக அதனை மாற்றுவது வீண்செலவு.

நான்கு வழிகள்

முதலாவது, அதிகப் பட்டை செருகுதல். செலவு குறைவு. ஆனால் பழைய பட்டைகளின் சோர்வும் வெடிப்பும் அப்படியே இருக்கும். ஒருபுறம் மட்டும் செருகினால் இருபுற விறைப்பும் மாறுபட்டு, வளைவிலும் பிரேக்கிலும் வண்டி நிலைகுலையும்.

இரண்டாவது, குளிர்நிலையில் அடித்து வளைவு ஏற்றுதல். வெடிப்பும் அரிப்பும் இல்லாத நல்ல பட்டைகளுக்கு இது தற்காலிகப் பரிகாரம். பாரம் ஏறஏற மீண்டும் தொய்வது இயல்பு.

மூன்றாவது, சூடேற்றி வளைத்துத் துவைச்சல் கொடுத்தல். அரிவாளுக்குத் துவைச்சல் கொடுக்கும் கொல்லரின் நுட்பமே இதுவும். எனினும் பட்டை எஃகைச் சுமார் 850 முதல் 900 டிகிரி வரை காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, மீண்டும் சுமார் 450 முதல் 500 டிகிரியில் பதப்படுத்த வேண்டும். தோய்க்காமல் ஆறவிட்டால் மென்மையாகித் தொய்யும். தோய்த்தபின் பதப்படுத்தாவிட்டால் கண்ணாடி போல் முறியும். வெப்பத்தை அளக்கும் வசதியுள்ள பட்டறையில் மட்டுமே இதனைச் செய்விக்கலாம். முறிந்த பட்டையை வெல்டிங் செய்வதை எக்காரணத்தாலும் அனுமதிக்கலாகாது.

நான்காவது, இருபுறமும் புதிய பட்டைத் தொகுதி பொருத்துதல். இதுவே சிறந்தது. அம்பாசிடர் உற்பத்தி 2014ஆம் ஆண்டில் நின்றுவிட்டமையால், பழைய தொகுதியை மாதிரியாகக் கொண்டுசென்று, கண்ணுக்குக் கண் நீளம், அகலம், கனம், பட்டைகளின் எண்ணிக்கை, கண்ணின் உள்விட்டம் ஆகியவற்றை ஒப்பிட்டே வாங்க வேண்டும். கனம் 10 சதவீதம் கூடினால் விறைப்பு 33 சதவீதம் கூடும் என்பதால், "சற்றுக் கனமானது நல்லது" என்னும் சொல்லுக்கு இணங்க வேண்டாம்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சட்டத்தை உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்திய பின்னரே வண்டியின் அடியில் செல்ல வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பது உயிரைப் பணயம் வைப்பதாகும். செங்கல்லும் தாங்கியாகாது, பாரத்தில் நொறுங்கிவிடும்.

அச்சைத் தனி ஜாக்கியால் ஏந்திக்கொண்டு யு போல்ட்டுகளைக் கழற்றவும். அச்சு கீழே தொங்கினால் பிரேக் குழாய் அறுபடலாம். யு போல்ட், சென்டர் போல்ட், புஷ் ஆகியவற்றைப் புதிதாகவே போடவும். சென்டர் போல்ட்டின் தலை அச்சிலுள்ள குழியில் சரியாக அமர வேண்டும். யு போல்ட்டுகளை மாற்றி மாற்றிச் சமமாக இறுக்கவும். ரப்பர் புஷ் உள்ள ஊசிகளை, வண்டியைத் தரையில் இறக்கி அதன் எடை பட்டைகளின்மேல் விழுந்த பின்னரே முழுவதும் இறுக்க வேண்டும். இல்லையேல் ரப்பர் முறுக்கிக் கிழியும். 500 கிலோமீட்டர் ஓடியபின் யு போல்ட்டுகளை மறுமுறை இறுக்கவும். பின்புற உயரம் மாறுவதால் முகவிளக்கின் ஒளியையும் சரிசெய்ய வேண்டும்.

அதன்பின் பராமரிப்பு எளிது. மழைக்காலம் முடிந்ததும் பட்டைகளைக் கழுவி, வெடிப்பு உண்டா எனப் பார்க்கவும். ரப்பர் புஷ்களில் எண்ணெய் படலாகாது.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் பின்புறம் தொய்ந்த காரொன்று வாழைக்குலையுடனோ, பள்ளிக் குழந்தைகளுடனோ செல்வதைக் கண்டால், அதன் உரிமையாளரிடம் அன்புடன் எடுத்துரையுங்கள். கன்னிப்பூ, கும்பப்பூ அறுவடைகளுக்குப் பின் வீட்டில் பணம் புழங்கும் நாட்களில் இச்செலவைச் செய்துகொள்வது எளிது. தொய்ந்த பட்டை முன்கூட்டியே எச்சரிக்கை செய்கிறது. முறியும் பட்டையோ அவ்வாறு செய்வதில்லை.